ஜாவாஸ்கிரிப்டுக்குத் தடை இருந்ததா?

2016ஆம் ஆண்டின் ‘10கே அபார்ட்’ இணையத்தளப் போட்டி, இணையப் பக்கங்களுக்கு இயங்கும் வசதிகளைச் சேர்க்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டை அறவே தடை செய்தது என்றும், ஆகவே தமிழ்மொழி விழாவையொட்டி நம் சிங்கப்பூர் மாணவர்களுக்கு அதுபோன்ற போட்டியை நடத்துவது அவர்களைப் பழைய காலத்துக்கே இழுத்துச் செல்லும் என்றும் நண்பர் எழுதியிருப்பது சரியன்று.

அப்போட்டியில் ஜாவாஸ்கிரிப்டுக்குத் தடை ஏதும் இல்லை. பக்கம் முதலில் இறங்கும்போது 10 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும், அதன் அடிப்படைப் பயன்பாடு ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் இயங்க வேண்டும் என்பவையே நிபந்தனைகள். அதன் பிறகு படங்களையும் கூடுதல் வசதிகளையும் தேவைக்கேற்ப ஏற்றிக்கொள்ளலாம். உள்ளடக்கத்தை முதலில் இணையப் பக்கத்தின் அடிப்படை மொழியான எச்டிஎம்எல் வழியாகத் தந்துவிட்டு, உலாவியின் திறனுக்கேற்ப வசதிகளைப் படிப்படியாகச் சேர்ப்பது பழமையன்று. இன்றைய இணையத் தரநிலைகளின் அடிநாதமே அதுதான்.

தமிழுக்கு இந்த வரம்பு கடினம் என்பதை மறுக்கவில்லை. எழுத்துகளைக் கணினியில் பதிவுசெய்யும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்வதால், ஐந்து குறியீடுகளாலான (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி) ‘தமிழ்’ என்னும் சொல் மட்டுமே 15 பைட்டாகிறது. ஆனால் உண்மையில் பக்கத்தைக் கனக்கச் செய்பவை எழுத்துருக் கோப்புகளும் படங்களுமே. கைப்பேசியில் ஏற்கெனவே உள்ள தமிழ் எழுத்துருவையே பயன்படுத்தினால் அந்தச் சுமையில் பெரும்பகுதி குறைந்துவிடும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிடவும் சில பைட்டுகளே போதும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் சரியான தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க அந்தக் குறிப்பே உதவுகிறது. நம் தளங்கள் பலவற்றில் இது இன்னும் விடுபட்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

1995இலேயே சிங்கப்பூர் எழுத்தாளரும் தமிழ்க் கணிமை முன்னோடியுமான நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றிய ஊர் இது. ஆகவே, மாணவர் போட்டி வேண்டாம் என்பதற்கு இல்லாத ஒரு தடையைக் காரணமாகக் காட்ட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.