தொடக்கநிலை 5 வந்ததும் பாட்டு வகுப்பை நிறுத்தத்தான் வேண்டுமா?

போன சனிக்கிழமை மகனை மிருதங்க வகுப்பில் விட்டுவிட்டு வெளியே காத்திருந்தேன். ஓர் அம்மா ஆசிரியரிடம், "சார், அடுத்த வருஷம் பையன் தொடக்கநிலை 5. ரெண்டு வருஷம் நிறுத்திக்கிறோம், பிஎஸ்எல்இ முடிஞ்சதும் திரும்ப வர்றோம்" என்றார். பிஎஸ்எல்இ என்பது இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் தேர்வு. ஆசிரியர் "சரிம்மா" என்றார். அவர் வேறென்ன சொல்வார்? வருடக் கடைசியானால் அவர் கேட்கும் பேச்சுதான் இது.

எனக்குத்தான் மனது கேட்கவில்லை. எட்டு வருடங்களுக்கு முன் மகளின் வீணை ஆசிரியையிடம் இதையே நானும் சொன்னேன். பிஎஸ்எல்இ முடிந்தது. உயர்நிலை 1, புதுப் பள்ளி, புதுத் தோழிகள், புது இணைப்பாட நடவடிக்கை. "விரல் மறந்துபோச்சும்மா" என்றாள். அதோடு சரி. வீணை வரவேற்பறை மூலையில் துணி போர்த்தி நின்றது.

இசை கற்றால் கணக்கு நன்றாக வரும், மூளை வளரும் என்று சொல்லித்தான் நாம் பலரும் பிள்ளைகளைச் சேர்க்கிறோம். எல்லாரும் மேற்கோள் காட்டும் 1993 ஆய்வைத் தேடிப் படித்தேன். அதில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள். மோட்சார்ட் இசையைப் பத்து நிமிடம் கேட்டார்கள், அவ்வளவுதான்; யாரும் இசை கற்கவில்லை. கிடைத்த பலனும் கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. 2004இல் கனடாவில் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஒரு வருடம் இசை கற்றவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிடச் சற்றே அதிகமாகக் கூடியது. பிற்பாடு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அதைக்கூட அவ்வளவாக ஏற்கவில்லை. மதிப்பெண்ணுக்காகச் சேர்த்த வகுப்பு, மதிப்பெண் நெருக்கடி வந்ததும் முதலில் வெட்டுப்படும். என் வீட்டில் நடந்தது அதுதான்.

அப்படியானால் எதற்கு இசை? மகனின் வகுப்பைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. அங்கே எட்டு வயதுச் சிறுவனும், தொடக்கக் கல்லூரி மாணவியும், நாற்பதைத் தாண்டிய ஓர் அண்ணனும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். பள்ளியில் வயது வாரியாக, தர வாரியாகப் பிரிக்கப்பட்ட பிள்ளைக்கு இது புது உலகம். கை தப்பினால் ஆசிரியர் உடனே நிறுத்துவார், "திரும்ப" என்பார். எல்லார் முன்னாலும்தான். சிவப்பு மை கிடையாது, பெற்றோருக்குக் கடிதம் கிடையாது. திரும்ப வாசித்தால் தப்பு போய்விட்டது. தப்பு செய்ய அஞ்சி நடுங்கும் எங்கள் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு வேறெங்கே இது கிடைக்கும்?

மிருதங்கத்தில் எந்தப் பாடத்தையும் மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், வாசிக்க வேண்டும். பையன்களுக்கு வேகமான மூன்றாம் காலம்தான் பிடிக்கும். ஆனால் முதல் காலத்தில்தான் குட்டு வெளிப்படும். நிதானமாக வாசிக்கும்போது இடைவெளியை நிரப்பத் தோன்றும், பொறுத்திருக்க வேண்டும். எம்ஆர்டி ரயிலில் மகன் தொடையில் தட்டிக்கொண்டே முணுமுணுவென்று தாளச் சொற்கட்டு சொல்லுவான். கையில் போன் இருக்காது.

அப்புறம் பக்கவாத்தியம். பாடுகிற பிள்ளை கீழ் ஸ்தாயிக்கு இறங்கினால் இவன் கையை அடக்க வேண்டும். பல்லவி திரும்பி வரும் இடத்தை முன்கூட்டியே உணர வேண்டும். தன் திறமையைக் காட்டாமல் இன்னொருவருக்காக வாசிக்க ஒரு பதினொரு வயதுப் பையனை எந்த டியூஷன் பழக்கும்?

கர்நாடக இசைதான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1949 முதல் இந்திய நுண்கலைக் கழகம் இங்கே கற்றுத் தருகிறது, நல்லது. ஆனால் தனியார் வகுப்புக் கட்டணம் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. பள்ளியில் பாடகர் குழு, இசைக்குழு இருந்தால் சேருங்கள். சீன இசைக்குழுவில் எர்ஹு என்ற இரண்டு தந்தி வாத்தியம் வாசிக்கும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உறுமி மேளம் அடிக்கும் பையன்களை ஏளனமாகப் பேசுவதையும் விடுங்கள். தைப்பூசத்துக்கு முன் அவர்கள் எத்தனை இரவு கூடிப் பழகுகிறார்கள் தெரியுமா? அதுவும் இசைக்கல்விதான்.

தேர்வு நெருக்கடி எனக்கும் தெரியும். வாரம் இரண்டு வகுப்பை ஒன்றாக்குங்கள். புதுப் பாடம் வேண்டாம், பழையதை வாசித்தால் போதும் என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். தேர்வுக்கு முந்தைய மாதம் விடுப்புக் கேளுங்கள். முழுக்க நிறுத்த மட்டும் செய்யாதீர்கள். மகனுக்கு அடுத்த வருடம் பிஎஸ்எல்இ. சனிக்கிழமை நான்கு மணி வகுப்பு அப்படியே இருக்கும்.

மகளுக்கு இப்போது 18 வயது. போன வாரம் அவளாகவே வீணையின் துணியை விலக்கியிருக்கிறாள். தந்திகள் துருப்பிடித்து, மெட்டுகளைத் தாங்கும் மெழுகு இளகிக் கிடக்கிறது. "இதைச் சரி பண்ண முடியுமாம்மா?" என்று கேட்டாள். சிங்கப்பூரில் வீணைக்கு மேளம் கட்ட, அதாவது மெழுகு வைத்து மெட்டுகளைப் பொருத்த, தெரிந்தவர் யாராவது இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள்.