ஊசி போட்ட மாட்டின் பாலுக்கு யார் காசு கொடுப்பது?

நாமக்கல் பக்கம் அரசு கால்நடை மருத்துவராக இருக்கும் தோழியுடன் போன வாரம் ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். காலையில் மருந்தகத்தில் சினை ஊசிக்கு வந்த மாடுகள், செருமும் ஆடுகள், கழிச்சல் கண்ட ஒரு கன்று. அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக. கன்று போட்ட மறுநாளே எழ முடியாமல் கிடந்த கலப்பின மாட்டுக்குக் கால்சியம் பாட்டிலை நரம்பில் ஏற்றினார். வேகமாக இறக்கினால் இதயம் நின்றுவிடுமாம். காதில் ஸ்டெதஸ்கோப், கையில் பாட்டில், பேச்சே இல்லை. முடிந்து கொஞ்ச நேரத்தில் மாடு தானாக எழுந்து சாணம் போட்டது. அந்த வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

ஆனால் நான் எழுத வந்தது அடுத்த வீட்டைப் பற்றி.

மடிநோய். "பால் கொறஞ்சு போச்சு, திரி திரியா வேற வருதுங்க டாக்டரம்மா" என்றார் அந்த அக்கா. நான்கு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் காம்புக்கு ஒரு குழியாகப் பாலைப் பீச்சி, ஊதா நிறக் கரைசலை அதே அளவு விட்டு லேசாகச் சுழற்றினார் தோழி. மூன்று குழிகளில் பால் தண்ணீராகவே ஓடியது. நான்காவதில் சளி போலத் திரண்டு தட்டோடு ஒட்டிக்கொண்டது.

அந்தக் காம்பில்தான் நோய். ஆன்டிபயாடிக் போட்டார். "அக்கா, மூணு நாள் ஊசி. அதுக்கப்புறமும் நாலு நாள் சொசைட்டிக்குப் பால் ஊத்தாதீங்க. மருந்து பால்ல வரும், நல்ல காம்புப் பாலும் வேண்டாம்."

"குழுப் பணம் கட்டோணுமேங்க?"

தோழியிடம் பதில் இல்லை.

தினம் பத்து லிட்டர், லிட்டர் 38 ரூபாய் என்று வைத்தால் ஏழு நாளுக்கு 2,660 ரூபாய். ஒரே கறவை உள்ள வீடு அது. தீவனச் செலவு அந்த வாரமும் குறையப்போவதில்லை. மருத்துவர் சொன்னதை அப்படியே கேட்பவருக்குத்தான் முழு நட்டமும். கேட்காதவருக்கு ஒன்றும் இல்லை. இது எப்படிச் சரியாகும்?

2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77-ல் ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். கிருமி சாகும், மருந்து பெருமளவு அப்படியே இருக்கும். அந்தப் பாலில் தயிர்கூடச் சரியாக உறையாது. செய்தி வந்ததும் நகரத்தில் இருக்கும் நாம் விவசாயியைத் திட்டுகிறோம். அந்த அக்கா பாலைக் கீழே ஊற்றுவது நம் பிள்ளைகளுக்காகத்தானே? அதற்கான காசை அவர் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம்.

மருத்துவர் எழுதித் தரும் சீட்டைக் காட்டினால், நிறுத்திவைத்த நாட்களுக்குப் பாதி விலையாவது சங்கம் கொடுக்க வேண்டும். அரசும் பால் ஒன்றியமும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். அதற்காகப் பால் விலையில் சில காசுகள் கூடினாலும் நான் மனதாரக் கொடுப்பேன். ஏமாற்றுவார்களே என்று கேட்பீர்கள். சீட்டு எழுதுவது அரசு மருத்துவர். மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு தோடு தொங்குகிறது. எந்த மாட்டுக்கு என்றைக்கு என்ன மருந்து என்று பதிந்துவைப்பது பெரிய வேலையே இல்லை.

உங்கள் ஊர்ச் சங்கத்தில் இப்படி ஏதாவது செய்துபார்த்திருந்தால் எழுதுங்கள். தோழியிடம் சேர்த்துவிடுகிறேன், மாதக் கூட்டத்தில் பேச அவருக்கு உதவும்.