டாக்டர் படிப்பில் உணவைப் பற்றிப் பாடமே இல்லையா?

"டாக்டர்களுக்கு மாத்திரை எழுத மட்டும்தான் சொல்லித் தருகிறார்கள், உணவைப் பற்றி ஒரு வரிகூடப் படிப்பதில்லை" என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. தவறு. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நோயியல், சமூக மருத்துவம் என்று நீளும் பாடங்களில் மருந்தியலும் ஒன்று, அவ்வளவுதான்.

உணவு இதில் பல இடங்களில் வரும். ஸ்கர்வி நோயையே எடுத்துக்கொள்ளுங்கள்: வைட்டமின் சி இல்லாவிட்டால், திசுக்களைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள் உறுதியாகப் பின்னிக்கொள்ளாது, அதனால்தான் ஈறில் ரத்தம் கசிகிறது, புண் ஆறாமல் கிடக்கிறது என்று மூலக்கூறு மட்டத்திலிருந்தே படிக்கிறார்கள். அப்புறம் வார்டுக்குப் போனால், நீண்டகாலக் குடியால் நலிந்து வந்தவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும்போது தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க மறக்கக் கூடாது, மறந்தால் மூளையே பாதிக்கப்படலாம் என்பது பாலபாடம். சர்க்கரை நோய்க்கான சிகிச்சையிலும் உணவு முறை அடிப்படைப் பாடம்.

சரி, ஊட்டச்சத்துக்கென்று தனியாக ஒதுக்கும் நேரம் பல கல்லூரிகளில் குறைவுதான். ஒருவர் அன்றாடம் என்ன சாப்பிடலாம் என்று உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுக்கும் பயிற்சி போதாது, இது நியாயமான குறை, எனக்கும் இதில் வருத்தம் உண்டு. ஆனால் இதை 'ஒன்றுமே தெரியாது' என்று ஊதிப் பெருக்கினால், அதை நம்பி மருந்தை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் வகை சர்க்கரை நோய் உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.