தீயை அணைத்தவருக்கு அப்புறம் என்ன ஆனது?

போர்வீரர்களைப் பற்றிய பதிவுகளைப் படிக்கும்போது எனக்கு வழக்கமாக வரும் எரிச்சல் ஒன்று உண்டு. விமானம் தரையிறங்கியதும் கதையை முடித்துவிடுகிறார்கள். எரியும் விமானம், அஞ்சாத இளைஞர், நெஞ்சில் ராஜா குத்திவிட்ட பதக்கம், கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். ஜான் ஹன்னாவைப் பற்றி எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அந்தப் பதக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ அவர் வாழ்க்கையில் முக்கியமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது என்று தோன்றுகிறது. அதனால் இது நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹன்னா ஸ்காட்லாந்துக்காரர். 1921 நவம்பர் 27 அன்று கிளாஸ்கோவை ஒட்டியுள்ள பெய்ஸ்லியில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஒரு காலணி நிறுவனத்தில் விற்பனை வேலை. 1939 ஆகஸ்டில், போர் வெடிப்பதற்குச் சற்று முன்பு, பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். ரேடியோ இயக்கப் பயிற்சி, துப்பாக்கிப் பயிற்சி எல்லாம் முடிந்து, அடுத்த வருடம் லிங்கன்ஷயரில் உள்ள ஸ்கேம்ப்டன் தளத்துக்கு வந்து 83ஆம் ஸ்குவாட்ரனில் (விமானப் பிரிவில்) ஹாம்டன் குண்டுவீச்சு விமானங்களில் பறந்துகொண்டிருந்தார்.

ஹாம்டனைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். இரண்டு என்ஜின், நான்கு பேர். உடற்பகுதியின் அகலம் மூன்றடிதான். 'பறக்கும் சூட்கேஸ்' என்று அதில் பறந்தவர்களே கிண்டல் செய்தார்கள். ஒருவர் இருக்கும் இடத்துக்கு இன்னொருவர் போவதென்றால் ஊர்ந்துதான் போக வேண்டும். விமானிக்கு அடிபட்டால், அவரை நகர்த்திவிட்டு வேறொருவர் அந்த இருக்கையில் உட்காருவது நடக்கிற காரியமே இல்லை. அப்படிப்பட்ட ஒரு குழாய்க்குள் நெருப்புப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1940 செப்டம்பர் 15. பிரிட்டனில் அந்தத் தேதிக்குத் தனி மரியாதை உண்டு. லண்டன் வானில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்கள் ஜெர்மன் விமானப்படையை விரட்டியடித்த பகல் அது. 'பிரிட்டன் போர் நாள்' என்று ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். பகலைத்தான் கொண்டாடுகிறார்கள். அதே தேதியின் இரவில், ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கத் துறைமுகங்களுக்குக் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிப் போனது பெரும்பாலானவர்களுக்கு நினைவில்லை. இங்கிலாந்து மீது படையெடுக்க ஜெர்மனி அந்தத் துறைமுகங்களில் படகுகளைக் குவித்து வைத்திருந்தது. அவற்றை உடைப்பதுதான் வேலை. 'இவ்வளவு சிலருக்கு இவ்வளவு பலர் கடன்பட்டதில்லை' என்ற பொருளில் சர்ச்சில் ஆகஸ்ட் 20 அன்று பேசிய வரி எல்லோருக்கும் மனப்பாடம். இரவுக்கு இரவு ஜெர்மனிக்குள் போய்வரும் குண்டுவீச்சுப் படையை மறந்துவிடக் கூடாது என்று அதை ஒட்டியே அவர் சொன்னதைத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஹன்னாவின் விமானம் போனது பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்கு. விமானி கானர், கனடாக்காரர். குண்டுகளைப் போட்டு முடித்த கையோடு, தரையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு ஒன்று விமானத்தின் குண்டு அறையிலேயே வந்து வெடித்தது. இரண்டு பக்கத்துப் பெட்ரோல் தொட்டிகளும் துளைபட்டன. ரேடியோ இயக்குபவரான ஹன்னாவின் அறையையும் பின்புறத் துப்பாக்கி வீரரின் அறையையும் கண் மூடித் திறப்பதற்குள் தீ சூழ்ந்துகொண்டது. ஓட்டைகள் வழியே காற்று பீறிட்டு உள்ளே வர, குண்டு அறை உலைக்களமாக ஆனது.

ஹன்னா தீயைத் தாண்டிப் போய் இரண்டு தீயணைப்பான்களை எடுத்தார். பின்புறத் துப்பாக்கி வீரர் அதற்கு முன்பே பாராசூட்டோடு வெளியே குதித்திருந்தார். இரண்டு தீயணைப்பான்களும் காலியான பிறகு, தன்னுடைய பதிவுப் புத்தகத்தை எடுத்து நெருப்பை அடிக்கத் தொடங்கினார். ரேடியோ செய்திகளைக் குறித்து வைக்கும் நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான். சுற்றிலும் ஆயிரக்கணக்கான தோட்டாக்கள் சூடேறித் தாமாகவே வெடித்துத் திசைக்கொன்றாகப் பறக்கின்றன. புகையிலும் வெப்பத்திலும் கண் தெரியாமல் போகும் நிலை வந்தபோது, ஆக்சிஜனைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டார். காலுக்கடியில் இருந்த அலுமினியத் தகடு உருகி ஓடி, குறுக்குச் சட்டங்கள் மட்டும் மிஞ்சின. அந்தச் சட்டங்களின் மேல் நின்றபடி, கீழே ஒன்றுமே இல்லாத இருட்டுக்கு மேலே, முகமும் கண்ணும் வெந்துபோன நிலையில் தீயை அணைத்து முடித்தார். ஏறக்குறைய பத்து நிமிடம். அப்புறம் முன்பக்கம் ஊர்ந்து போய்ப் பார்த்தால், பறக்கும் பாதையைக் கணித்துச் சொல்லும் வழிகாட்டியும் குதித்துவிட்டிருந்தார். அவர் விட்டுச்சென்ற வரைபடங்களையும் குறிப்புகளையும் எடுத்து விமானியிடம் கொடுத்தார். கானர் விமானத்தை ஸ்கேம்ப்டன் கொண்டுவந்து சேர்த்தார்.

ஹன்னாவுக்கு அப்போது வயது 18.

ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். இந்தக் கதையைச் சுவையாகச் சொல்ல நினைப்பவர்கள், குதித்துவிட்ட இருவரையும் கோழைகளாகக் காட்டிவிடுகிறார்கள். அநியாயம். பெட்ரோல் ஒழுகும் விமானத்தில் தீப்பிடித்தால் பாராசூட்டோடு குதிப்பதுதான் முறை, பயிற்சியும் அதுதான். ஹன்னாவின் பதக்க அறிவிப்பில்கூட, பின்புறத் துப்பாக்கி வீரர் வேறு வழியில்லாமல் வெளியேறியதாகத்தான் இருக்கிறதே தவிர, ஒரு சொல் குறையாக இல்லை. இருவரும் ஜெர்மானியர்களிடம் போர்க்கைதிகளானார்கள். ஹன்னா அன்று செய்தது யாரும் யாரிடமும் எதிர்பார்க்க முடியாத காரியம். அதைச் செய்யாதவரைக் குற்றம் சொல்ல நாம் யார்?

அக்டோபர் 1 அன்று, பிரிட்டனின் மிக உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் அறிவிப்பு அரசிதழில் வந்தது. சம்பவம் நடந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. அரசாங்கக் காகிதம் இவ்வளவு வேகமாக நகர்ந்தது என்றால் அந்த நேரத்தில் பிரிட்டனுக்கு ஒரு வீரர் எவ்வளவு தேவைப்பட்டார் என்று புரிந்துகொள்ளலாம். வான்போருக்காக அந்தப் பதக்கம் பெற்றவர்களில் அவரைவிட இளையவர் இன்றுவரை இல்லை. கானருக்கும் விருது கிடைத்தது. இரண்டு மாதம் முடிவதற்குள், நவம்பரில், வேறொரு பறப்பில் கானர் இறந்துபோனார்.

வீரக்கதைகள் வழக்கமாக நிற்கும் இடம் இதுதான். இதற்கு மேல் விமானமும் இல்லை, தீயும் இல்லை.

தீக்காயங்கள் ஆறியபின் ஹன்னாவைப் பயிற்சியாளர் பணிக்கு மாற்றினார்கள். 1941இல் திருமணம். அதே வருடத்தின் பிற்பகுதியில் காசநோய் என்று தெரிந்தது. தீக்காயத்தால் தளர்ந்துபோன உடம்பில் நோய் எளிதாக ஒட்டிக்கொண்டது என்பதே அவர் வரலாற்றை எழுதியவர்கள் பொதுவாகச் சொல்லும் காரணம். 1942 டிசம்பரில் முழு ஊனமுற்றோர் ஓய்வூதியத்தோடு படையிலிருந்து விலக்கினார்கள். வயது 21. விக்டோரியா கிராஸுக்கென்று தனியாக ஒரு தொகையும் உண்டு. அதிகாரி அல்லாதவருக்கு அன்றைய கணக்கில் ஆண்டுக்கு 10 பவுன். விக்டோரியா மகாராணி 1856இல் நிர்ணயித்த அதே 10 பவுன். அது 100 பவுனாக உயர்ந்தது 1959இல்.

மனைவியும் அடுத்தடுத்துப் பிறந்த மூன்று பெண் குழந்தைகளும் இருந்தார்கள். ஓய்வூதியம் மட்டும் போதவில்லை. 1943இல் உறவினர் ஒருவரின் காரை வாங்கி டாக்ஸி ஓட்டிப் பார்த்தார். நுரையீரல் ஒத்துழைக்கவில்லை, விட்டுவிட்டார். முழுநேர வேலை எதையும் அவரால் செய்ய முடியவில்லை. அந்தக் காரில் ஏறிய, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரப் பக்கத்து ஆட்களில் எத்தனை பேருக்கு முன் இருக்கையில் இருமிக்கொண்டிருந்தவர் யாரென்று தெரிந்திருக்கும்? மூன்று வருடத்துக்கு முன்னால்தான் பத்திரிகைகளில் அந்த முகம் வந்திருந்தது.

1947 ஜூன் 7 அன்று, லெஸ்டர் அருகே மார்க்ஃபீல்ட் சானடோரியத்தில், அதாவது காசநோய் இல்லத்தில், இறந்தார். 25 வயது. பர்ஸ்டல் கிராமத்துத் தேவாலயத்தில் அடக்கம்.

அந்தத் தேதிதான் என்னை அதிகமாகத் தொந்தரவு செய்கிறது. காசநோய்க்கு மருந்து அப்போது இருந்தது. ஸ்ட்ரெப்டோமைசினை அமெரிக்காவில் 1943இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் போரில் நொடித்துப்போன பிரிட்டனிடம் அதை வாங்க டாலர் இல்லை. கிடைத்த கொஞ்சத்தை வைத்து 1947 தொடக்கத்தில் ஒரு சோதனையை ஆரம்பித்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் எண்களை வைத்து முடிவு செய்தார்கள். மருத்துவ மாணவர்கள் இன்றும் முன்மாதிரியாகப் படிக்கும் சோதனை அது. ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். பெறாத 52 பேரில் 14 பேர். அந்தச் சோதனை நடந்துகொண்டிருந்தபோதுதான் ஹன்னா இறந்தார். முடிவுகள் வெளிவந்தது 1948இல். எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய மருத்துவ சேவை தொடங்கியதும் அதே 1948 ஜூலையில்தான். அந்த மருந்து அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் பதினாறு நாளில் பதக்கம் கொடுத்த அரசால் ஐந்து வருடத்தில் ஓய்வூதியத்தையும் ஒரு சானடோரியப் படுக்கையையும் தாண்டி வேறொன்றும் கொடுக்க முடியவில்லை. பணமே இல்லாத நாடு, சரி. அந்தப் பணம் போன வழியில்தான் ஹன்னாவின் நுரையீரலும் போனது.

சானடோரியம் என்றால் சென்னைக்காரர்களுக்கு மின்சார ரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் இல்லத்தால் வந்த பெயர். நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, நல்ல காற்றும் ஓய்வும் கொடுத்து மாதக்கணக்கில், வருடக்கணக்கில் படுக்க வைப்பதுதான் உலகம் முழுவதும் அன்றைய சிகிச்சை. அது அவசியமே இல்லை, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம், வீட்டில் இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று நிரூபித்தது நம்ம சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வு. பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையை நடத்திய அதே மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இதிலும் பங்காளி. 1959இல் முடிவு வெளிவந்தபின் உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஹன்னா பன்னிரண்டு வருடம் முந்திக்கொண்டார்.

இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கேட்பீர்கள். குண்டு போட்டவனுக்காக எதற்கு வருத்தப்பட வேண்டும்? 1943இல் ஹாம்பர்க், 1945இல் டிரெஸ்டன் என்று நகரங்களையே கொளுத்திய படை அல்லவா? ஆமாம், அதே படைதான். நகரங்களைக் குறிவைக்கும் உத்தரவு 1942 பிப்ரவரியில் வந்தபோது ஹன்னா நோயாளி. அவர் குறிவைத்தது படகுகளை. ஆனால் இதைச் சொல்லி அவரைத் தனியாக நல்லவர் ஆக்க எனக்கு விருப்பமில்லை. உடம்பு நன்றாக இருந்திருந்தால் அவரும் போயிருப்பார், உத்தரவு போட்டால் போகத்தான் வேண்டும். ஏறக்குறைய 1,25,000 பேர் பறந்த அந்தப் படையில் 55,573 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். நகரங்களை எரிக்கலாம் என்று மேஜையில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்களில் யாரும் அந்த வயதில் இல்லை. ஹாம்பர்க் நிலவறையில் மூச்சுத் திணறி இறந்த குழந்தைக்காக வருந்துகிற அதே மனம் இவருக்காகவும் வருந்தலாம், ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுவிட வேண்டியதில்லை. அந்த 55,573 பேருக்கு லண்டன் கிரீன் பார்க்கில் நினைவுச்சின்னம் எழுப்ப 2012 வரை ஆனது. அதற்கும் சண்டை.

ஹன்னா இருந்த காலத்தில் அதே 83ஆம் ஸ்குவாட்ரனில் கை கிப்ஸனும் பறந்தார். 1943இல் ஜெர்மன் அணைகளை உடைத்து விக்டோரியா கிராஸ் வாங்கிய கிப்ஸன். அவரும் 26 வயதில் இறந்தார், ஆனால் விமானத்தில். ஸ்கேம்ப்டன் என்றாலே இன்றும் அவர் பெயர்தான் வரும். படுக்கையில் சாகிற வீரரை வைத்து என்ன செய்வதென்று போர்க்கதை சொல்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

பதக்கத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்காக: 1967இல் ஹன்னாவின் மனைவி அதை 83ஆம் ஸ்குவாட்ரனுக்கே கொடுத்துவிட்டார். அந்த வருடம் அந்த ஸ்குவாட்ரன் ஸ்கேம்ப்டனில் வல்கன் விமானங்களில் அணு ஏவுகணையைச் சுமந்து பறந்துகொண்டிருந்தது. இரண்டு வருடத்தில் ஸ்குவாட்ரனையே கலைத்துவிட்டார்கள். 25 வயதில் போன கணவரின் மூன்று பெண்களை வளர்த்தவர், அந்தப் பதக்கத்தை ஏலத்தில் விட்டு வந்த காசைப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் நான் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்க மாட்டேன்.