எப்போது திரும்புவார் என்று கேட்காதீர்கள்

2000 ஏப்ரல் 12. ரோம் நகரின் ஒலிம்பிக்கோ மைதானம். இத்தாலியக் கிளப்களுக்கான கோப்பா இத்தாலியா இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில் லாசியோவும் இன்டர் மிலானும் மோதின. இரண்டாம் பாதியில் இன்டரின் மாற்று வீரராக ரொனால்டோ உள்ளே வந்தார். கிறிஸ்டியானோ அல்ல, பிரேசில்காரர். உள்ளே வந்து ஆறேழு நிமிடம்தான் ஆகியிருக்கும். பந்தோடு ஓடினார், தடுப்பாட்டக்காரரை ஏமாற்றத் தன் வழக்கமான காலசைவைத் தொடங்கினார், வலது முட்டி அப்படியே மடிந்தது. யாரும் இடிக்கவில்லை, தள்ளவும் இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் கதறியதைப் பார்த்து எதிரணிக்காரர்களே கலங்கிப்போனார்கள். முட்டிச்சில்லு தொடையின் நடுப்பக்கம் வரை ஏறிவிட்டதாக அவருடைய பிசியோ பின்னாளில் சொன்னார். அந்தக் காணொளியை என்னால் இன்றைக்கும் முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

நம் ஊரில் முட்டிக்குள் எது கிழிந்தாலும் "ஜவ்வு போயிடுச்சு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். ரொனால்டோவுக்குப் போனது முட்டிச்சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தசைநாண். காலை நீட்டி உதைக்கும் விசை முழுவதும் அதன் வழியாகத்தான் போகும். 1999 நவம்பரில் லெச்சே அணிக்கு எதிரான ஆட்டத்தில் அது பாதி கிழிந்தது. பாரிஸில் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில் அன்று ரோமில் இறங்கினார், மீதியும் போனது.

இன்னும் ஆறு மாதம் பொறுத்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டாவது அறுவைக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அடுத்த போட்டி ஆட்டத்துக்கு அவர் திரும்பியது 2001 செப்டம்பரில். ஏறக்குறைய 17 மாதம். அந்த ஒன்றரை ஆண்டில் "இவன் கதை முடிந்தது" என்று எழுதாத பத்திரிகை இல்லை. அப்புறம் 2002 ஜூன் 30, ஒரு ஞாயிற்றுக்கிழமை. யோகோஹாமாவில் இரவு, நமக்கு மாலை நாலரை மணி. ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல், உலகக் கோப்பையில் மொத்தம் எட்டு கோல். அதே முட்டிதான்! முதல் முறை கிடைக்காத அவகாசம் இரண்டாவது முறை அதற்குக் கிடைத்தது.

இதை இப்போது எழுதக் காரணம், எந்த வீரருக்கு முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற நார் கிழிந்தாலும் செய்திக்குக் கீழே வரும் முதல் கேள்வி. "எப்போ திரும்புவார்?" ஆறு மாதம் என்றால் கைதட்டுகிறோம். ஒரு வருடம் என்றால் முகம் சுளிக்கிறோம். ஒன்பது மாதத்தைத் தாண்டினால் "கண்ணாடி முட்டி" என்று மீம் போடுகிறோம். இந்தப் பழக்கம் ஒரு மனிதனின் மூட்டைக் கெடுக்கும் வேலையில் நம்மையும் கூட்டாளி ஆக்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏசிஎல் என்பது முட்டிக்கு நடுவில், தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே குறுக்காக ஓடும் ஒரு நார். சட்டென்று திரும்பும்போதும், ஓட்டத்தை நிறுத்தும்போதும், பந்தைத் தலையால் முட்டிவிட்டு ஒற்றைக் காலில் தரையிறங்கும்போதும் முட்டி விலகாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். தொழில்முறை கால்பந்தில் பெரும்பாலும் முட்டியில் யாரும் நேராக மோதாமலே இது கிழிகிறது. முழுதாக அறுந்தால் பெரும்பாலும் தானாகச் சரியாக ஒட்டிக்கொள்வதில்லை. அதனால் வீரரின் தொடைப் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு துண்டுத் தசைநாண் எடுத்து, எலும்பில் துளை போட்டு, அந்த இடத்தில் வைத்து இறுக்குகிறார்கள். சிக்கலே இதற்குப் பிறகுதான். வைத்த துண்டு முதல் சில மாதங்களில் வலுவிழந்து, பிறகு மெதுவாக உயிர்பிடித்து நாராக மாறுகிறது. அது முழுதாக முதிர ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகும். ஆனால் வீக்கம் வடிந்து, தொடைச் சதை ஏறி, ஐந்தாம் மாதமே ஆள் ஓடத் தொடங்கிவிடுகிறார். வெளியே எல்லாம் சரியாகத் தெரியும்போது உள்ளே வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

2016ல் வெளிவந்த ஒரு நார்வே ஆய்வு இந்த அறுவை செய்துகொண்டவர்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தது. ஒன்பது மாதம் வரை, ஒவ்வொரு மாதம் தள்ளித் திரும்பும்போதும் முட்டி மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரே ஒரு மாதத்துக்கு அவ்வளவு மதிப்பு. அதே ஆண்டு ஐரோப்பாவின் பெரிய கிளப்களில் ஏசிஎல் அறுந்தவர்களைப் பற்றி ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏவின் ஆய்வும் வந்தது. ஏறக்குறைய எல்லோருமே ஆட்டத்துக்குத் திரும்பியிருந்தார்கள். ஆனால் மூன்று ஆண்டு கழித்து உச்ச மட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் 65 சதவீதம்தான். திரும்பி வந்த படத்தை நாம் பகிர்கிறோம். மீதிப்பேர் எங்கே போனார்கள் என்று தேடுவதில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஆத்திரம் அங்கிருந்துதான் வருகிறது. கல்லூரி மூன்றாம் ஆண்டு. கால்பந்து ஆடும்போது முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம், ராத்திரிக்குள் முட்டி தேங்காய் போல வீங்கியது. எண்ணெய்க் கட்டு போட்டார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் போய் நன்றாக நடந்தேன். மூன்றாம் மாதம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி வந்தது. "கட்டு போட்டுக்கிட்டு ஆடுடா, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். எனக்கும் ஆசை. இருபதாவது நிமிடத்தில் திரும்பும்போது முட்டி நழுவியது. இந்த முறை மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிந்தது. எலும்புகள் உரசாமல் மெத்தை போல நடுவில் இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு அது. கிழிந்த பாகத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். அது போனால் முட்டி சீக்கிரம் தேயும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது எனக்கு 42 வயது. கல்யாண வீட்டில் தரையில் பந்தி போட்டால் நான் நின்றுகொண்டுதான் இருப்பேன்.

ஸ்வீடன் வீரர் ஸ்லாட்டன் இப்ராகிமோவிச், 2022ல் அவருடைய ஏசி மிலான் அணி இத்தாலிய லீக் பட்டம் வென்றதும் ஒரு பதிவு போட்டார். ஆறு மாதமாக இடது முட்டியில் ஏசிஎல் இல்லாமல் ஆடியதாகவும், இருபதுக்கும் மேல் ஊசி போட்டுக்கொண்டதாகவும், வாரம் ஒரு முறை முட்டியில் கோத்த நீரை எடுத்ததாகவும், தினமும் வலி மாத்திரை சாப்பிட்டதாகவும் எழுதியிருந்தார். உலகமே அதைக் கொண்டாடியது. நானும் பகிர்ந்தேன், அதற்காக இன்று வருந்துகிறேன். அவர் மனவுறுதியை நான் குறைத்துப் பேசவில்லை. நாற்பது வயது மனிதர், விவரம் தெரிந்து எடுத்த முடிவு. ஆனால் அதைப் படிக்கும் 19 வயதுப் பையனுக்கு, வாரா வாரம் நீர் எடுத்துவிட்டு ஆடுவதுதான் ஆம்பளைத்தனம் என்று போய்ச் சேர்கிறதே, அதுதான் பயமாக இருக்கிறது. முட்டியில் நீர் கோத்தால், உள்ளே ஏதோ சரியில்லை, நிறுத்து என்று அர்த்தம். அந்த நேரத்தில் மாத்திரை போட்டால் வலி மட்டும்தான் அடங்கும்.

இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப்பின் முன்னாள் அணித்தலைவர் லெட்லி கிங்கை நினைத்துப் பாருங்கள். முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்துபோய், கடைசி ஆண்டுகளில் அணியோடு பயிற்சியே செய்ய முடியவில்லை. வாரம் முழுக்க ஜிம்மும் நீச்சலும், ஆட்ட நாளில் மட்டும் களம். பயிற்சி இல்லாமல் வந்தும் எதிரணி முன்களத்தை அடக்கினார். அதை அதிசயம் என்று எழுதினார்கள். 2012ல் 31 வயதில் ஓய்வு பெற்றார். ஒரு தடுப்பாட்டக்காரருக்கு நல்ல ஆட்டம் வரும் வயது அது.

ஓய்வுக்குப் பிறகு கேமரா வருவதில்லை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் தொழில்முறை வீரர்களை, அதே வயதுள்ள மற்ற ஆண்களோடு ஒப்பிட்டார்கள். முன்னாள் வீரர்களில் பாதிப்பேருக்கு முட்டி வலி. மூட்டுத் தேய்மானம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். முட்டியையே மாற்றிக்கொண்டவர்கள் ஏறக்குறைய மூன்று மடங்கு. இவர்களில் மிகப் பலர் இன்றைய கோடிகளைப் பார்த்தே இராதவர்கள்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். ஒரே கிளப், இங்கிலாந்தின் ஆர்சனல் பெண்கள் அணி. 2022 நவம்பரில் பெத் மீட், டிசம்பரில் விவியானே மீடெமா, 2023 ஏப்ரலில் லியா வில்லியம்சன், மே மாதம் லாரா வீன்ராய்தர். ஆறு மாதத்தில் நான்கு ஏசிஎல்! முதல் மூவரும் அந்த ஆண்டு உலகக் கோப்பையைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டியதாயிற்று. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது குறைந்தது இரண்டு மடங்கு அதிகம் என்று பல ஆண்டுகளாகத் தெரியும். உடலமைப்பு, ஹார்மோன் என்று காரணம் சொல்லி நிறுத்திவிடுவார்கள். ஆண்களின் காலை அளந்து செய்த பூட்ஸ், தேய்ந்த பயிற்சி மைதானம், பிசியோவே இல்லாத அணிகள், இதெல்லாம் இயற்கை கொடுத்ததா?

ஆட்டங்களின் எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரொட்ரி, இப்படியே போனால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலை வரும் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். முந்தைய பருவத்தில் கிளப்புக்கும் நாட்டுக்குமாக அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர். சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் ஏசிஎல்லும் மெனிஸ்கஸும் போயின. அடுத்த மாதம், ஆண்டின் சிறந்த வீரருக்கான பலோன் தோர் விருது மேடைக்கு ஊன்றுகோலோடு ஏறினார். அந்தக் காயத்துக்கு ஆட்டச் சுமைதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது, சரி. ஆனால் களைத்த சதை முட்டியைக் காப்பாற்றாது என்பது கால்பந்து ஆடிய எவருக்கும் தெரியும்.

ஊரில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஃபிஃபா 11+ என்று ஒரு வார்ம்அப் முறை இருக்கிறது. இருபது நிமிடம், கருவி எதுவும் வேண்டாம். ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து முட்டி உள்பக்கம் சாயாமல் இறங்குவது, தொடைப் பின்சதையை வலுவாக்குவது, இவ்வளவுதான். தொடர்ந்து செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைந்திருக்கின்றன. மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓடவிடுவதற்குப் பதில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

இங்கே ஏசிஎல் அறுவை செய்துகொண்டு மறுபடி ஆடியவர்கள் நிச்சயம் சிலர் இருப்பீர்கள். எத்தனாவது மாதம் இறங்கினீர்கள், இப்போது மாடிப்படி இறங்கும்போது முட்டி எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்குப் போன வாரம்தான் அறுவை முடிந்தது. அவனுக்குக் காட்ட வேண்டும்.