கூரை வீட்டுக்காரருடையது, மின்கட்டணம் எங்களுடையது

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடியில், அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். பகல் முழுவதும் வெயிலை வாங்கும் அந்தக் கூரை, பொழுதுபட்ட பின்னர் சூட்டை அறைகளுக்குள் இறக்குவதால், இரவு பதினொரு மணிக்கும் மின்விசிறியிலிருந்து வெப்பக் காற்றே வருகிறது. கூரைக்கு வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சு அடித்து, கீழே ஒரு சீலிங் போட்டால் இந்த நிலை பெரிதும் மாறும். ஆனால் மின்கட்டணத்தைச் செலுத்தாத வீட்டுக்காரர் அதற்குச் செலவழிக்க ஏன் முன்வர வேண்டும்? அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாத நாங்கள்தான் அவருடைய கூரையில் எப்படிப் பணத்தைப் போடுவது?

2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் மின்கட்டணம் கூட்டப்பட்டபோது இந்தக் கேள்வி எங்கள் வீட்டுச் செலவுக் கணக்கில் வந்து உட்கார்ந்தது. பின்னர் கட்டணம் சில தடவைகள் குறைக்கப்பட்டது உண்மை. கூரை அப்படியேதான் இருக்கிறது.

வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடுகளைப் பொருத்த ஊக்குவிப்பதற்காக 2016 இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ என்ற அரச வேலைத்திட்டம் நல்ல திட்டம் என்பதே என் கருத்து. எனினும் சொந்தக் கூரை உள்ளவருக்கே அது பயன்பட்டது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் அனெக்ஸ்களிலும் (வீட்டோடு ஒட்டிய வாடகைப் பகுதிகள்) மாடி வீடுகளிலும் வாடகைக்கு வாழும் குடும்பங்களுக்கு அதில் இடமிருக்கவில்லை.

இதைவிடவும் என்னை வருத்துவது, ஒரே வீட்டில் இருக்கும் குடும்பங்கள் ஒரே மின்மானியைப் பகிரும் விடயம். அலகுகள் கூடக்கூட மேலதிக அலகுகளின் விலையும் நிலையான கட்டணமும் உயரும் முறையே இங்கு உள்ளது. தலா 80 அலகுகள் பாவிக்கும் இரண்டு குடும்பங்கள் தனித்தனி இணைப்பில் இருந்தால் 90 அலகுகளுக்கு உட்பட்ட படியில் நிற்கும். ஒரே மானியில் இருந்தாலோ 160 அலகுகளாகி, 121 முதல் 180 வரையான படிக்கு ஏறிவிடும். சிக்கனமாக வாழ்ந்தும் அதிகம் பாவிப்பவரின் விலையைக் கொடுக்க நேர்கிறது. எனவே வாடகைப் பகுதிக்குத் தனி இணைப்புப் பெறும் செலவில் ஒரு பங்கையாவது அரசு ஏற்க வேண்டும்.

மின்விசிறியை நாங்களே மாற்றலாம். 75 வாட் விசிறிக்குப் பதிலாக 35 வாட் விசிறி பத்து மணிநேரம் சுழன்றால், மாதத்துக்கு 12 அலகுகள் மிச்சமாகும். வீடு மாறும்போது அதைக் கழற்றிக்கொண்டும் போகலாம். கூரையைக் கழற்ற முடியாது.

இங்கிலாந்தில் 2018 முதல், A முதல் G வரையான சக்தி வினைத்திறன் தரத்தில் 'E' நிலையையேனும் எட்டாத வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட, விதிவிலக்குகள் தவிர, அனுமதியில்லை. அங்கே பிரச்சினை குளிர், இங்கே வெப்பம். இரு இடத்திலும் செலவழிக்க வேண்டியவர் ஒருவர், பயன்பெறுபவர் இன்னொருவர். இங்கே உடனடியாகத் தடைவிதித்தால் வாடகை வீடுகளே குறைந்துவிடும் என்று அஞ்சுகிறேன். ஆகவே கூரைப் பூச்சுக்கும் சீலிங்குக்கும் வீட்டுக்காரருக்குக் குறைந்த வட்டிக் கடன் கொடுத்து, அந்த வேலையைக் காரணம் காட்டி இரண்டு வருடங்களுக்கு வாடகையைக் கூட்டவோ குடியிருப்பவரை வெளியேற்றவோ கூடாது என்ற நிபந்தனையை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுவிக்க வேண்டும். அந்த நிபந்தனை இல்லாமல் கடன் மட்டும் கொடுத்தால், குளிர்ந்த வீட்டுக்குக் கூடிய வாடகை கேட்கப்படும்; வெப்பத்தில் வாடிய குடும்பம் இன்னொரு அஸ்பெஸ்டஸ் கூரையைத் தேடிப் போகும்.