6.81 லட்சம் கோடியும் ஆயுதம் வாங்கவா?

குடும்ப வாட்ஸ்அப் குழு வரை இந்தச் செய்தி வந்துவிட்டது: "2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். அத்தனையும் வெளிநாட்டு ஆயுதம் வாங்கத்தான்!" தொகை சரி. மற்றது தவறு.

அந்த 6,81,210 கோடி நான்கு மானியக் கோரிக்கைகளாக (செலவுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கேட்கும் தனித்தனிக் கோரிக்கைகள்) நாடாளுமன்றத்துக்குப் போனது. சுமார் 3.12 லட்சம் கோடி வருவாய்ச் செலவு: முப்படையினரின் சம்பளம், எரிபொருள், உதிரிபாகம், பராமரிப்பு. ஓய்வூதியம் மட்டுமே சுமார் 1.61 லட்சம் கோடி. நம் ஊர் முன்னாள் ராணுவ வீரர் மாதாமாதம் வங்கியில் எடுக்கும் பணமும் இதில்தான் வருகிறது. கடலோரக் காவல்படை, எல்லைச் சாலைகள் போன்றவை அடங்கிய சிவில் பிரிவுக்கு 28,683 கோடி.

மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி, அதாவது மொத்தத்தில் கால்வாசிக்குச் சற்று மேல். விமானம், கப்பல், பீரங்கி எல்லாம் இங்கேதான். அதிலும் கொள்முதலுக்கு ஒதுக்கிய சுமார் 1.49 லட்சம் கோடியில் 75 சதவீதம் உள்நாட்டுத் தயாரிப்புகளுக்கு என்று பாதுகாப்பு அமைச்சகமே அறிவித்திருக்கிறது.

இன்னொன்று. பட்ஜெட் தொகை ஒரு மதிப்பீடுதான். அடுத்த பட்ஜெட்டில் திருத்திய மதிப்பீடும், அதற்கடுத்த ஆண்டு உண்மைச் செலவும் வரும். மூன்றையும் குழப்பிக்கொண்டு 'கணக்கில் ஓட்டை' என்று கிளப்புவது தனிக்கதை.

ஒன்றிய பட்ஜெட் இணையதளத்தில், செலவின ஆவணத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் பக்கங்களைத் திறந்தால் எல்லாம் இருக்கிறது. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைக் காட்டுங்கள்.